பன்னி மயிரு

தமிழில் ஒருத்தனைக் கேவலப்படுத்த 'பன்னி' என்று சொன்னால் போதும். 'போடா மயிரு' என்றாலும் போதும். இந்த இரண்டு வசவுகளையும் ஒன்றாகக் கட்டி, ஒரு மரப்பிடியில் செருகி, விலை போட்டுக் கடையில் விற்கிறார்கள். அதை வாங்கிப் போய் வெந்நீரில் நனைத்து, சோப்பில் குழப்பி, இரண்டு கன்னத்திலும் தாடையிலும் உதட்டோரத்திலும் தேய்த்துக்கொள்கிறவர்களில் பட்டை போட்டவர், நாமம் போட்டவர், பூணூல் போட்டவர் எல்லாரும் உண்டு. ஷேவிங் பிரஷ் என்று அதற்குப் பெயர். முழுப்பெயர் சொன்னால் பன்றிமயிர் பிரஷ்.

போராட்டம், வழக்கு, நிலம் என்று எழுதவேண்டிய இடத்தில் சவரம் பண்ணுகிற பிரஷைப் பற்றி எழுதுவதா என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். சாதி சாத்திரத்தில் இருப்பதைவிடச் சாமான்களில்தான் அதிகம் இருக்கிறது. டீக்கடைக் குவளையில் இருக்கிறது என்று பேசினோம். செருப்பில், சைக்கிளில், தோளில் போடுகிற துண்டில் இருக்கிறது என்று பேசினோம். முகத்தில் தேய்க்கிற பிரஷை யாரும் பேசவில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

முதலில் பண்டத்தைத் தெரிந்துகொள்வோம். பன்றியின் உடம்பெல்லாம் மயிர் இருந்தாலும் பிரஷுக்கு ஆவது பிடரியிலும் முதுகுத்தண்டின் மேலும் நிற்கிற முரட்டு மயிர்தான். அது அடியில் தடித்து, போகப்போக மெலிந்து, நுனியில் இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அதன் விலையே அந்தப் பிளவில்தான் இருக்கிறது. பெயிண்டையும் வார்னிஷையும் சோப்பு நுரையையும் சிந்தாமல் பிடித்து வைப்பது பிளந்த நுனி. கொஞ்சம் தண்ணீரையும் மயிர் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் விறைப்பு இருந்தும் வளைந்து கொடுக்கும்.

பன்றியை அறுத்த பிறகு மயிர் எடுப்பது உண்டு. உயிரோடு கட்டிப்போட்டுப் பிடுங்குகிற வழக்கமும் இந்தியாவில் உண்டு. பன்றிக்கு அது வதை. பிடுங்குகிறவனுக்கும் சுகமான வேலை இல்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. பிடுங்கியதை அலசி, அவித்து, காயவைத்து, கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று நிறம் பிரிக்கவேண்டும். பிறகு நீளம் பிரிக்கவேண்டும். அடியெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் வரும்படி அடுக்கிக் கட்டவேண்டும். தலைகீழாகக் கலந்துவிட்ட மயிர் மூஞ்சியில் குத்தும். கண்ணும் விரலும் சேர்ந்து செய்கிற நுட்பமான வேலை இது. எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் இதற்குப் பட்டம் கொடுப்பதில்லை.

இந்தியாவில் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் கான்பூர். அங்கே மயிர் சேகரிப்பதும் பதப்படுத்துவதும் பெரும்பாலும் கட்டிக் சாதி மக்களின் கையில் இருந்தது. அதே உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட், பிரஷ் கட்டுகிற தொழிலுக்காகவே அறியப்பட்ட ஊர். உலகச் சந்தையில் சீனத்து மயிருக்கு முதலிடம். இரண்டாம் உலகப் போரில் சீனத்திலிருந்து வரத்து நின்றுபோனதும், பன்றிமயிரை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அமெரிக்க அரசே கட்டுப்பாடு போட்டது. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்க பிரஷ் வேண்டுமே! அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனத்துக்குப் பெட்ரோலும் ஆயுதமும் ஏற்றிப்போன விமானங்கள், திரும்பும்போது டங்ஸ்டனோடும் வெள்ளீயத்தோடும் பன்றிமயிரையும் ஏற்றிக்கொண்டு வந்தன. நம் ஊரில் வசவாக இருக்கிற சாமான், அங்கே விமானத்தில் பறந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1938-இல் டுபாண்ட் கம்பெனியின் நைலான் இழை வருகிறவரைக்கும் டூத்பிரஷிலும் பெரும்பாலும் பன்றிமயிர்தான். வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு நாகரிகமாகச் சீமை பிரஷில் பல் துலக்கிய அந்தக் காலத்துப் பெரிய மனுசர்கள் வாய்க்குள் எது போய்விட்டு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தீட்டு எங்கே போயிற்று?

தீட்டு பண்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஆளோடு நின்றுவிடுகிறது. பன்றியிடமிருந்து மயிர் கடைக்கு வருகிறது, பன்றி வளர்த்தவன் கடைக்கு வெளியே நிற்கிறான். மயிருக்கு அனுமதி இருக்கிறது, மனுசனுக்கு இல்லை. இந்த ஏற்பாட்டைத்தான் நான் சாதி என்று புரிந்துகொண்டிருக்கிறேன். அழுக்கு, சுத்தம் என்று அவர்கள் சொல்கிற காரணமெல்லாம் பிறகு ஒட்டவைத்தது.

மொழியையும் பாருங்கள். வராகம் என்றால் அது திருமாலின் அவதாரம். ஸ்ரீமுஷ்ணத்தில் அதற்குக் கோயில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் குகை இருக்கிறது. சாளுக்கியர் கொடியில் இருக்கிறது. தங்கக் காசுக்கே வராகன் என்று பேர் வைத்தார்கள். கண்ணப்பர் சிவனுக்குப் படைத்தது பன்றிக் கறி என்று பெரியபுராணம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதே உயிர் சேரிப் பக்கம் வந்தவுடன் 'பன்னி' ஆகிவிடுகிறது. வராகத்தை வளர்ப்பவர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. பன்னி மேய்ப்பவன் யார் என்று கேட்டால் உடனே சாதிப் பேர் வருகிறது.

*

இப்போது பிரஷுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய பிரஷ். எங்கள் பக்கத்து டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாற்பது வருசம் சலூன் நடத்திய பெரியவர் ஒருவர், கை நடுக்கம் கண்டு கடையை எடுத்தபோது எனக்குக் கொடுத்தது. அவர் மருத்துவர் சமூகம். கத்தி, சாணைக்கல், படிக்காரம், கிண்ணி எல்லாம் அடைப்பத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன அப்பனுக்குப் பிறந்து, நாற்காலியும் கண்ணாடியும் போட்டுக் கடை வைத்தவர்.

அவர் கொடுத்தபோது அது பிரஷ் மாதிரியே இல்லை. அடியில் சோப்புப் பொருக்கு சுண்ணாம்பு மாதிரி இறுகி, மயிரெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, பிடி பிசுக்கேறிக் கிடந்தது. "தூக்கிப் போட்றாதீங்க தம்பி, மயிரு நல்ல மயிரு" என்றார். நல்ல மயிர் என்பதற்கு ஒரு சோதனையும் சொன்னார். ஒரு இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் நைலான் உருகி முத்துப் போல உருண்டுவிடும், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். மயிர் பொசுங்கிப் பொடியாகும், தலைமயிர் கருகிய வாடை வரும். காட்டினேன். பொசுங்கியது.

சரிசெய்வது ஒன்றும் வித்தையில்லை. பொறுமை வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஊறவைத்தால் சோப்புப் பொருக்கு இளகும். கொதிக்கிற தண்ணீர் ஆகாது. மயிர் பாழாகும், உள்ளே இருக்கும் பசையும் விட்டுவிடும். பிறகு தலைக்குப் போடுகிற ஷாம்பு போட்டு, அடிவரைக்கும் விரலை விட்டு அலசவேண்டும். பேன்சீப்பால் மெதுவாகச் சீவினால் செத்த மயிரும் பொருக்கும் வெளியே வரும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்த பிறகுதான் தண்ணீர் தெளிந்தது.

அப்போதுதான் மயிர்க்கட்டே பிடியிலிருந்து ஆடுவது தெரிந்தது. இழுத்தேன், பல் மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பிடியின் குழியில் காய்ந்து உதிர்ந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பிடியை உப்புத்தாளால் தேய்த்தேன். கட்டு நன்றாகக் காய்ந்த பிறகு, அரால்டைட் கொஞ்சமாகக் குழைத்துக் குழிக்குள் வைத்து நேராக நிறுத்தி, ஒரு நாள் முழுக்க தொடாமல் விட்டேன். பசையை அதிகம் வைத்தால் மயிருக்குள் ஏறி நடுவில் கட்டை மாதிரி இறுகிவிடும். பிடிக்குக் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் தடவினேன். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரஷ் எது கிடைத்தாலும் எடுத்து முகத்தில் தேய்க்கக்கூடாது. முதல் உலகப் போர்க் காலத்தில் சுத்திகரிக்காத குதிரைமயிரால் செய்த பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் நோய் பரவி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களும் மற்றவர்களும் செத்தார்கள். அந்த நோய் மயிரும் கம்பளியும் பிரிக்கிற தொழிலாளர்களை அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டிலேயே, கொன்றுகொண்டிருந்தது. சவரம் பண்ணிக்கொள்கிறவன் கன்னத்துக்கு வந்த பிறகுதான் பிரஷ் இறக்குமதிக்குத் தடை வந்தது. யார் வாங்கினது, எந்தக் காலத்து மயிர் என்று தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

சரிசெய்வதைவிடக் கஷ்டம் பழக்குவது. புதுப் பன்றிமயிர் பிரஷை வாங்கியவர்களில் பாதிப்பேர் இரண்டாம் நாளே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். குத்துகிறது, நாறுகிறது, நுரை வரவில்லை என்கிறார்கள். உண்மைதான். புதுசில் அது விலங்கு வாடைதான் அடிக்கும். சோப்பு நுரையை முழுக்க ஏற்றி ஒரு ராத்திரி அப்படியே வைத்துக் காலையில் அலசினால் வாடை குறையும். தினமும் சவரத்துக்கு முன்னால் ஐந்து பத்து நிமிசம் தண்ணீரில் ஊறவேண்டும். ஊறாத மயிர் முள், ஊறின மயிர் பஞ்சு. கையிலோ கிண்ணியிலோ சோப்பைப் போட்டு வட்டமாகச் சுற்றி நுரை எழுப்பி, அலசி, உதறி, முழுக்கக் காயவிடவேண்டும். மறுநாள் மறுபடியும். நனைவதும் காய்வதுமாக நடக்க நடக்க ஒவ்வொரு மயிரின் நுனியும் மேலும் பிளந்துகொண்டே வரும். பதினைந்து இருபது சவரத்துக்குப் பிறகு நுனி பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். தண்டு மட்டும் பழைய விறைப்போடு இருக்கும். தாடிமயிரை நிமிர்த்தி நுரையை அடிவரை ஏற்றுவது அந்த விறைப்புத்தான்.

பெரியவர் சொன்னது இது. "மாட்டைப் பழக்குற மாதிரிதான் தம்பி. அடிச்சா படியாது. தெனம் தொடணும். ஈரத்தோட மூடி வச்சுட்டீங்கன்னா அழுகிப் போயிரும்." கட்டிய புதிதில் ஒரு மாதம் என் கையில் அது பழகியது. ஏற்கெனவே நாற்பது வருசம் எத்தனையோ தாடை பார்த்த மயிர் என்பதால் சீக்கிரமே படிந்தது.

சீமையில் பிரஷ் மயிருக்கும் மேல் கீழ் உண்டு. பேட்ஜர் என்கிற விலங்கின் மயிர் உயர்ந்தது, அதிலும் நுனி வெளுத்தது உச்சம். பன்றி கடைசி. ஆனால் இத்தாலியில் தொழில்காரர்கள் கை வைப்பது பன்றிமயிர் பிரஷில்தான். போலோன்யா நகரத்து ஒமேகா கம்பெனி அதைச் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறது. தினமும் நிறைய முகம் பார்க்கிறவனுக்கு உழைக்கிற பிரஷ் வேண்டும்.

*

பிரஷ் தயார். இனி நாற்காலி.

எங்கள் அப்பாவுக்கு ஊர்ச் சலூனில் உட்கார இடம் கிடையாது. ஊர் என்றால் ஊர், சேரி என்றால் சேரி. ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து டவுனுக்குப் போய்த்தான் முடி வெட்டிக்கொள்வார். அவசரத்துக்கு எங்கள் தெருவிலேயே ஒருத்தர் புளியமரத்தடியில் வைத்துச் சிரைத்து விடுவார். ஊர்ச் சலூனில் இருந்த பிரஷ் பன்றிமயிர்தான். அது உள்ளே கண்ணாடி முன்னால் இருந்தது. எங்கள் அப்பா வெளியே ரோட்டில் இருந்தார்.

இது எங்கள் கதை மட்டுமில்லை. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சத்தாராவில் நாவிதர்கள் இருந்தார்கள், கொடுக்கக் காசும் இருந்தது, ஆனால் தீண்டப்படாதவனுக்கு யாரும் சிரைக்கமாட்டார்கள் என்பதால் வீட்டில் தம்பிகளுக்கெல்லாம் முடி வெட்டியது அவருடைய அக்கா. வெட்டி வெட்டியே கைதேர்ந்தவராகிவிட்டாராம். நாட்டுக்கே அரசியல் சட்டம் எழுதியவர் தலையில் கை வைக்க அந்த ஊரில் ஒரு நாவிதன் இல்லை.

அதை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1948 நவம்பர் 29-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேள்வி வந்தபோது, தேடி வருகிற யாருக்கும் சேவை தரத் தயாராக ஒருவர் இருக்கிற இடமெல்லாம் கடைதான் என்று விரிந்த பொருளில் விளக்கினார். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்துக்கு 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. அந்தச் சட்டத்தில் 'கடை' என்பதற்குள் சலவைக் கடையும் முடிதிருத்தகமும் அடக்கம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 4-ஆம் பிரிவு கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 6-ஆம் பிரிவு சேவை தர மறுப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் கடைக்குள் போவதைத் தடுப்பது வன்கொடுமையாகச் சேர்ந்திருக்கிறது. சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. நமக்கு சட்டம் தெரியாமல் இருக்கக்கூடாது.

ஆனால் இங்கே தோழர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கத்தி பிடித்திருப்பவர் மீது வழக்குப் போடுவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அவர் யாருக்குப் பயந்து மறுக்கிறார்? பெரியவரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஐயா, நீங்க ஊர்ல கடை வச்சிருந்தா எங்கப்பாவுக்கு வெட்டியிருப்பீங்களா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெட்டுன அன்னைக்கே என் கடைக்குப் பூட்டுத்தான் தம்பி. அவுங்க யாரும் வரமாட்டாங்க, என் புள்ளைங்களுக்கு அரிசியும் கெடைக்காது. டவுன்ல யாரு எவருன்னு கேக்க ஆளில்ல. அதுக்குத்தான் டவுனுக்கே ஓடியாந்தேன்" என்றார். பிறகு, "எனக்கு மட்டும் என்ன, கல்யாணத்துல கடைசிப் பந்திதான், சாவுல மொத ஆளு" என்றார்.

இதை நியாயமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பயந்தவன் செய்கிற தீண்டாமையும் தீண்டாமைதான். ஆனால் பூட்டுப் போடுகிற கை எது என்று பார்க்காமல் விட்டால், நாம் எப்போதும் கத்தி பிடித்த கையோடு மட்டுமே சண்டை போட்டுக்கொண்டிருப்போம். ஆதிக்கச் சாதிக்கு அதைவிட வசதி வேறென்ன? பன்றி வளர்ப்பவன், தோல் பதனிடுபவன், முடி வெட்டுபவன், துணி வெளுப்பவன். ஒருவன் கைப்பண்டம் இல்லாமல் இன்னொருவன் தொழில் இல்லை. அந்தச் சலூனில் கத்தியைத் தீட்டுகிற வார் யார் உரித்த தோல்? நுரை எழுப்புகிற மயிர் யார் பிடுங்கியது? சாமான்கள் எல்லாம் ஒரே மேசையில் சேர்ந்து இருக்கின்றன. அதைச் செய்த சனங்கள் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் தொடக்கூடாது!

இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்லாமல் முடிக்கமுடியாது. 'பன்னி மேய்க்கிற பய' என்ற வசவை நான் ஊர்த்தெருவில் மட்டும் கேட்கவில்லை. நம் தெருவிலும் கேட்டிருக்கிறேன். பன்றி வளர்க்கிற குறவர், காட்டுநாயக்கர், பன்றிக் கறி தின்கிற அருந்ததியர் என்று விரலை நீட்டி, 'நாங்க அப்படியில்ல' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். மேலே இருந்து வாங்கியதை அப்படியே கீழே இறக்கிவிடுகிற வேலை இது. பட்டியலில் சேர்ந்திருக்கிறோம், மேடையில் சேர்ந்திருக்கிறோம். கறிச்சட்டியில் சேர்ந்திருக்கிறோமா? 2013-இல் நாக்ராஜ் மஞ்சுளே எடுத்த 'ஃபன்றி' என்ற மராத்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பன்றி பிடிக்கிற கைக்காடிக் குடும்பத்துப் பையனை ஊரே வேடிக்கை பார்க்கிறது. அந்தப் பையன் கூனிக் குறுகி ஒளிகிற இடத்தில் நாமும் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, 'முஸ்லிம்களும் பன்றியைத் தொடுவதில்லையே, அவர்களும் சாதி பார்க்கிறார்களா?' என்பது. ஒரு பண்டத்தை வேண்டாம் என்று விலக்குவது வேறு. பண்டத்தை எடுத்துக்கொண்டு ஆளை விலக்குவது வேறு. முன்னது அவரவர் நம்பிக்கை. அதில் நமக்குச் சண்டை இல்லை. பின்னது திருட்டு.

இரண்டாவது மறுப்பு கனமானது. 'செத்த மாடு தூக்காதே, இழிதொழிலை விடு என்றுதானே அம்பேத்கர் சொன்னார்? நீ பன்றிமயிருக்குப் புகழ் பாடினால் நம் பிள்ளைகளை மறுபடியும் அதே குழியில் தள்ளுவதாகாதா?' 1927-இல் மகாடில் அவர் சொன்னது சரி. இன்றும் சரி. பிறப்பைக் காட்டி ஒருத்தன் தலையில் கட்டுகிற எந்த வேலையையும் விட்டு வெளியேறத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் பன்றிமயிர் பிடுங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிக்கட்டும், டாக்டராகட்டும், விமானம் ஓட்டட்டும். நான் சொல்வது வேறு. அந்த வேலையைச் செய்த பாட்டனைப் பற்றி வெட்கப்படவேண்டியது பேரன் இல்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு ஆளைத் தள்ளிவைத்தவன்தான் வெட்கப்படவேண்டும்.

கான்பூர் கட்டிக் மக்களையே பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பன்றிமயிர் வியாபாரத்தில் அவர்களில் சிலர் நல்ல காசு பார்த்தார்கள். பண்டம் எங்கே போகிறது, என்ன விலை போகிறது என்று தெரிந்து சந்தையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காசு கிடைத்தது. பிடுங்கிக் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் கை நீட்டியவனுக்கு நாற்றம்தான் மிச்சம். தொழிலை விடுவதா, வைத்துக்கொள்வதா என்பதை அந்தத் தொழில் செய்கிறவன் தீர்மானிக்கவேண்டும். விலையையும் அவன்தான் சொல்லவேண்டும். அடித்து வேலை வாங்குவதும், பிறகு அதே வேலையைக் காட்டி இழிவுபடுத்துவதும், கடைசியில் நகரத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று பன்றிகளைப் பிடித்துப்போய்ப் பிழைப்பைக் கெடுப்பதும் ஒரே கை செய்கிற வேலைகள்தான். நகராட்சி பன்றி பிடிக்க வரும்போது கொட்டகைக்கு இடம் கொடு, கால்நடை டாக்டரை அனுப்பு, பிடித்த பன்றிக்கு விலை கொடு என்று கேட்க நம் இயக்கங்கள் போய் நிற்கவேண்டும். இதுவரை எத்தனை இடத்தில் நின்றோம்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விடுதியில் அறைக்கு ஒரு பிரஷ், ஒரு கிண்ணி வையுங்கள். ஆளுக்கொரு பிளேடு, அதில் பங்கு கூடாது. பிரஷையும் அவரவர் தனியாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒருத்தருக்கு ஒருத்தர் முடி வெட்டப் பழகுங்கள். சாதி பார்க்காமல் இன்னொருத்தன் தாடையைப் பிடித்து நுரை போட்டுப் பாருங்கள். தொடாமை பற்றி நூறு கருத்தரங்கில் கேட்டதைவிட அதில் அதிகம் விளங்கும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 'நாமே வெட்டிக்கொள்கிறோம், எவன் கடையும் வேண்டாம்' என்பது ரோசமாகத் தெரியும். ஊர்க்காரனுக்கும் அதுதான் வேண்டும், நாம் அந்தப் பக்கம் வராமல் இருந்தால் போதும். அம்பேத்கரின் அக்கா வெட்டிவிட்டது அன்பு. வெட்டவேண்டி வந்தது கொடுமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. கை பழகுவது நம் சந்தோசத்துக்கு. நாற்காலி நம் உரிமைக்கு.

ஊர்களில் வேலை செய்கிற தோழர்கள் தங்கள் பகுதிச் சலூன்களைக் கணக்கெடுங்கள். எந்தக் கடையில் யார் உட்காரலாம், யார் உட்காரமுடியாது, மறுத்தால் யாருக்குப் பயந்து மறுக்கிறார்கள் என்று எழுதுங்கள். முடிதிருத்தும் தொழிலாளர் சங்கங்களோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். நமக்கு வெட்டுகிறவருக்குக் கடை பூட்டப்பட்டால் அவர் குடும்பத்துக்கு நாம் நிற்போம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். அதற்குப் பிறகும் மறுக்கிற கடை என்றால் 6-ஆம் பிரிவு இருக்கிறது. பூட்டச் சொன்னவன் யார் என்று தெரிந்தால் அவன் பேரையும் புகாரில் எழுதுங்கள்.

அப்புறம், அடுத்த முறை எவனாவது 'பன்னி' என்று திட்டினால் கோபப்படுவதற்கு முன்னால் அவன் மூஞ்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மழுமழுவென்று சிரைத்திருந்தால், அதில் எந்த மயிர் தேய்த்த நுரை என்று அவனிடமே கேளுங்கள்.